கிராப் கேக்: சென்னை வீட்டு விருந்துக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்டு நம் ஊரில் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சாப்பிடுகிற உணவு. ஓட்டைக் கடித்து, சாறை உறிஞ்சி, இலையோரம் ஓடு குவிந்தால்தான் திருப்தி. அதே நண்டைப் பட்டுப்புடவையும் வெள்ளைச் சட்டையுமாக நாலு பேர் உட்காரும் இரவு விருந்தில் பரிமாற வேண்டுமென்றால் வழி வேறு. ஓடு உடைக்கும் வேலையை வீட்டுக்காரரே முன்கூட்டி முடித்து, சுத்தமான சதையை மட்டும் வட்டமாகத் தட்டி, பொன்னிறமாக வறுத்துத் தட்டில் வைப்பதுதான் கிராப் கேக். இதைப் பற்றி அடிக்கடி வரும் கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

கிராப் கேக்கும் நண்டு கட்லெட்டும் ஒன்றுதானே?

இல்லை. கட்லெட்டில் உருளைக்கிழங்குதான் உடம்பு. நண்டு அதில் வாசனைக்கு வரும். மசாலாவும் தூக்கலாக இருக்கும், எண்ணெயில் முக்கிப் பொரிப்போம். கிராப் கேக்கில் கிழங்கே கிடையாது. ஏறக்குறைய முக்கால் பங்கு நண்டுச் சதை, அது உதிராமல் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு மட்டும் முட்டை, மயோனைஸ், ரொட்டித் தூள். கொஞ்ச எண்ணெயில் இரண்டு பக்கமும் வறுத்தால் போதும்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், செசபீக் விரிகுடாவை ஒட்டிய ஊர்களில் இது பெயர் பெற்றது. பால்டிமோர் நகரத்தின் அடையாளமே இந்த உணவு என்று சொல்லலாம். அங்கே கிடைக்கும் நீல நண்டும் நம் கடலில் கிடைக்கும் நீல நண்டும் வேறு வேறு இனம். ஆனால் இரண்டும் ஒரே குடும்பம். பின்னங்கால் துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும் நீச்சல் நண்டுகள். அதனால் நம் நண்டில் செய்தால் ருசி குறையுமோ என்ற சந்தேகமே வேண்டாம்.

சென்னையில் எந்த நண்டு வாங்கலாம்?

கடல் நண்டு வாங்குங்கள். கால்களில் நீலம் ஓடும் நீல நண்டு முதல் தேர்வு. சதை வெள்ளையாக, இனிப்பாக, நூல்நூலாகப் பிரியும். முதுகில் கண் மாதிரி மூன்று புள்ளிகள் உள்ள நண்டும் நன்றாக இருக்கும், பெரும்பாலும் விலையும் குறைவு. முதுகில் சிலுவைக் கோடு தெரியும் சிலுவை நண்டுக்கு ஓடு கெட்டி, சதைக்கு நல்ல சுவை.

பழவேற்காடு ஏரிப் பக்கத்திலிருந்து வரும் சேற்று நண்டு வேறு ரகம். கொடுக்குகளைக் கயிற்றால் கட்டி உயிரோடு விற்பார்கள். கொடுக்கில் சதை அள்ளும், சுவையும் அழுத்தம். அதன் விலைக்கு அதை மிளகு நண்டாகவோ குழம்பாகவோ செய்து ஓட்டோடு சாப்பிடுவதுதான் நியாயம் என்பது என் கருத்து. கேக்குக்கு உதிர்க்கத்தான் வேண்டும் என்றால் ஒரே ஒரு சேற்று நண்டைக் கடல் நண்டுகளோடு சேர்த்துக்கொள்ளுங்கள், மணம் கூடும்.

காசிமேட்டில் விடியலுக்கு முன்பே ஏலம் நடக்கும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நிதானமாக நண்டு பொறுக்க முடியாது, வேறு நாளில் போங்கள். தென்சென்னைக்காரர்களுக்கு மெரினா லூப் சாலையில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட நவீன மீன் அங்காடி வசதி. நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம் படகுகளின் நண்டு அங்கே வரும். சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் எல்லா ரகமும் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கடைக்கார அம்மா பழக்கத்தில் நண்டை உடைத்துச் சுத்தம் செய்து தரக் கத்தியை எடுப்பார். "உடைக்க வேணாம்மா, முழுசா குடுங்க" என்று எடை போடும்போதே சொல்லிவிடுங்கள். குழம்புக்கு உடைத்தால் சாறு குழம்பிலேயே இறங்கும், நஷ்டமில்லை. ஆவியில் வேகவைக்கும்போது உடைந்த நண்டின் சாறு கீழே தண்ணீரில் போய்விடும், சதையும் சக்கையாகும்.

நல்ல நண்டு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கையில் தூக்கினால் அதன் அளவுக்கு மீறிக் கனக்க வேண்டும். வயிற்றுப் பக்க ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் அது அண்மையில் ஓடு கழற்றிய நண்டு, உள்ளே தண்ணீர்தான் இருக்கும். கடல் நண்டு பெரும்பாலும் உயிரோடு கிடைக்காது, ஐஸில் வைத்துத்தான் விற்பார்கள். தூக்கும்போது கால் கழன்று விழுந்தாலோ, மூக்கைக் குத்தும் அமோனியா வாடை வந்தாலோ தொடாதீர்கள்.

வயிற்று மடல் குறுகிக் கூராக இருந்தால் ஆண், அகலமாக வட்டமாக இருந்தால் பெண். கேக்குக்கு ஆண் நண்டு நல்லது, கொடுக்கில் சதை அதிகம். வயிற்றுக்கு வெளியே முட்டைக் கொத்தைச் சுமந்திருக்கும் பெண் நண்டை வாங்காமல் விடுங்கள். அந்த ஒரு நண்டு கடலில் இருந்தால் அத்தனை குஞ்சு.

மீன்பிடித் தடைக்காலத்தில் விருந்து வைத்தால் நண்டு கிடைக்குமா?

கிடைக்கும், வரத்து குறையும். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை, விசைப்படகுகளுக்கு. சிறிய ஃபைபர் படகுகள் கரையோரம் போய்வரும், அவற்றின் வலையில் நண்டு விழும். விலை ஏறியிருக்கும் என்பதால் அந்த மாதங்களில் ஆளுக்கு ஒரு கேக் என்று முதல் பரிமாறலாக வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பேருக்கு எவ்வளவு நண்டு?

முழு நண்டின் எடையில் ஏறக்குறைய கால்பங்குதான் சதையாகத் தேறும். 2 கிலோ வாங்கினால் 450 கிராம் சுற்றி வரும். முட்டை, மயோனைஸ், ரொட்டித் தூள் எல்லாம் சேர்த்து அதில் 75 கிராம் எடையில் 8 கேக் செய்யலாம். முதன்மை உணவாக என்றால் நாலு பேருக்கு, தொடக்கமாக என்றால் எட்டுப் பேருக்கு.

சதையை எப்படி எடுப்பது? ஓட்டுத் துணுக்கு பல்லில் மாட்டுமே?

விருந்தின் தரம் இந்த ஒரு வேலையில்தான் இருக்கிறது. ஒரே ஒரு ஓட்டுத் துணுக்கு, பேச்சுக்கு நடுவே ஒருவர் வாயில் நறுக்கென்று பட்டால் போதும், அதன் பிறகு எல்லோரும் பயந்து பயந்துதான் மெல்லுவார்கள். எனவே அவசரமில்லாத நேரத்தில் உட்காருங்கள். 2 கிலோ நண்டுக்குக் கை பழகாதவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். வீட்டில் இன்னொருவரையும் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உயிருள்ள நண்டு என்றால் முதலில் அரை மணி நேரம் ஃப்ரீசரிலோ ஐஸ் தண்ணீரிலோ வையுங்கள். அசைவு அடங்கி மரத்துப்போகும். அதற்கு நல்லது, உங்கள் கைக்கும் நல்லது. உடனே வேகவைத்தால் பதற்றத்தில் கால்களை உதறிக்கொள்ளும், கழன்ற இடத்தில் சாறு போய்விடும்.

இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்து ஆவி வந்ததும் நண்டுகளை மல்லாக்க அடுக்குங்கள். முதுகு ஓடு கிண்ணமாகச் சாறைத் தாங்கும். 200 முதல் 250 கிராம் எடையுள்ள கடல் நண்டுக்கு 12 நிமிடம், அரைக் கிலோ சேற்று நண்டுக்கு 18 முதல் 20 நிமிடம். ஓடு முழுக்கச் சிவந்திருக்க வேண்டும். ஓட்டிலுள்ள சிவப்பு நிறமியை ஒரு புரதம் பிடித்து வைத்திருக்கிறது, சூட்டில் அந்தப் பிடி விடுவதால்தான் இந்த நிற மாற்றம். தண்ணீரில் போட்டு வேகவைக்காதீர்கள். சதை தண்ணீர் குடித்துக்கொள்ளும், கேக் பிறகு தவாவில் அதைக் கக்கும்.

கை பொறுக்கும் அளவு ஆறியதும் கால், கொடுக்கு எல்லாவற்றையும் திருகிக் கழற்றுங்கள். வயிற்று மடலைத் தூக்கி, முதுகு ஓட்டைப் பிளந்து எடுங்கள். இரு பக்கமும் பஞ்சு மாதிரி இருக்கும் செவுள்களைப் பிய்த்து எறியுங்கள். வாய்ப் பகுதியையும் அதன் பின்னாலுள்ள இரைப்பையையும் எடுத்துவிடுங்கள். மஞ்சளாகக் குழைவாக இருப்பதைத் தனியே ஒரு கிண்ணத்தில் சேருங்கள், சாஸுக்கு உதவும். உடலை நடுவில் ஒடித்து, அறை அறையாக இருக்கும் இடங்களிலிருந்து சதையை விரலால் தள்ளி எடுங்கள். துடுப்புக் கால் உடலோடு சேரும் இடத்தில்தான் பெரிய கட்டி இருக்கிறது. அதை உதிர்க்காமல் முழுசாக எடுத்துத் தனியே வையுங்கள். கேக்கைப் பிளக்கும்போது கண்ணுக்குத் தெரிய வேண்டியது அதுதான். மெல்லிய கால்களை இரு முனையிலும் வெட்டி, மேலே பூரிக்கட்டையை உருட்டினால் சதை தானாக வெளியே வரும்.

கடைசியாகச் சோதனை. எவர்சில்வர் தட்டில் சதையைச் சிட்டிகை சிட்டிகையாகக் கொஞ்சம் உயரத்திலிருந்து போடுங்கள். ஓடு இருந்தால் சத்தம் கேட்கும், சதை சத்தமில்லாமல் விழும். பிறகு விரல்நுனியால் ஒருமுறை தடவிப் பாருங்கள். எடுத்த சதையைக் கழுவவே கூடாது, இனிப்பெல்லாம் குழாயோடு போய்விடும்.

டின்னில் வரும் நண்டுச் சதை, கிராப் ஸ்டிக் பயன்படுத்தலாமா?

குளிர்பதனப் பெட்டியில் வைத்து விற்கும் பாஸ்டுரைஸ் செய்த நண்டுச் சதை கிடைத்தால் தாராளமாக. தண்ணீரை வடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். அதிலும் ஓடு இருக்கும், சோதனை அவசியம். கிராப் ஸ்டிக் என்பது மீன் சதையை அரைத்து, மாவுச்சத்தும் மணமும் சேர்த்துச் செய்வது. இந்த உணவுக்கு அது வேண்டாம்.

சரியான அளவுகள் என்ன?

450 கிராம் நண்டுச் சதைக்கு முட்டை 1, மயோனைஸ் 4 டேபிள்ஸ்பூன், மஸ்டர்ட் சாஸ் 1 டீஸ்பூன், காய்ந்த ரொட்டித் தூள் 40 கிராம், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் 2 டேபிள்ஸ்பூன், கொத்துமல்லி கொஞ்சம், விதை நீக்கிய ஒரு பச்சை மிளகாய், ஒரு எலுமிச்சையின் தோல் துருவல், அப்போது இடித்த மிளகு அரை டீஸ்பூன். உப்பைக் கடைசியில் சதையை ருசி பார்த்துப் போடுங்கள். கடல் நண்டில் இயல்பாகவே உப்பு உண்டு.

முதலில் நண்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கலந்துகொள்ளுங்கள். பிறகு நண்டைச் சேர்த்துக் கீழிருந்து மேலாக மெதுவாகப் புரட்டுங்கள். பிசைந்தால் கட்டிகள் உடைந்து கூழாகும். 6 செ.மீ. அகலம், 2 முதல் 2.5 செ.மீ. உயரமாகத் தட்டுங்கள். அளவு ஒன்றுபோல் வர, ஒரு சின்ன டம்ளரில் லேசாக அமுக்கிக் கவிழ்க்கலாம்.

மயோனைஸ் பாதுகாப்பானதா?

சமைக்காத முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது. உணவு நச்சாகும் ஆபத்துதான் காரணம். முட்டை இல்லாத பாட்டில் மயோனைஸ் எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் இருக்கிறது, இதற்கு அது போதும். இனிப்பு தூக்கலாக இருப்பதை மட்டும் தவிருங்கள். பிடிக்காவிட்டால் துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிர் 3 டேபிள்ஸ்பூனும் ஒரு டேபிள்ஸ்பூன் வெண்ணெயும் சேர்க்கலாம்.

இஞ்சி பூண்டு விழுது, கரம் மசாலா, சோம்பு சேர்த்தால் நம் ருசி வருமே?

வரும், நண்டின் ருசி போகும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து எடுத்த சதை அது. குழம்பில் மசாலா நண்டோடு மல்லுக்கட்டலாம், ஓடும் சாறும் அங்கே துணைக்கு இருக்கின்றன. வெறும் சதைக்கு அந்தத் தெம்பு கிடையாது. மிளகு, எலுமிச்சைத் தோல், மிகப் பொடியாக நறுக்கிய நாலு கறிவேப்பிலை, கால் டீஸ்பூன் துருவிய இஞ்சி, இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பால்டிமோரில் 'ஓல்ட் பே' என்றொரு மசாலா போடுவார்கள். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த குஸ்டாவ் புருன் என்ற யூத மசாலா வியாபாரி 1939-ல் அங்கே தொடங்கிய கடையில் பிறந்தது அது. செலரி உப்பு, மிளகு, சிவப்பு மிளகாய், பாப்ரிகா என்ற காரம் குறைந்த மிளகாய்த்தூள் அதில் முக்கியம். அந்தச் சாயல் வேண்டுமென்றால் ஒரு டேபிள்ஸ்பூன் பொடியாக நறுக்கிய செலரித் தண்டும் கால் டீஸ்பூன் காஷ்மீரி மிளகாய்த்தூளும் போதும்.

திருப்பும்போது உடைந்துபோகிறது. ஏன்?

வெந்த நண்டுச் சதைக்குத் தானாக ஒட்டும் தன்மை இல்லை. பச்சை மீனோ இறாலோ வேகும்போது அதன் புரதம் இறுகிப் பிடித்துக்கொள்ளும். நண்டில் அந்த வேலை ஆவியிலேயே முடிந்துவிட்டது. முட்டைதான் இப்போது பிடிமானம், தண்ணீர்தான் எதிரி. சதை ஈரமாக இருந்தால் மெல்லிய துணியில் வைத்து லேசாக ஒற்றி எடுங்கள், பிழிய வேண்டாம். சின்ன வெங்காயமோ குடைமிளகாயோ சேர்ப்பதாக இருந்தால் வதக்கி ஆறவைத்துச் சேருங்கள். ரொட்டித் தூள் நம் ஊர்க் காற்றில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், பிரித்த மறுநாளே நமுத்துவிடும். வெறும் தவாவில் ஐந்து நிமிடம் புரட்டி ஆறவைத்துப் போடுங்கள்.

தட்டிய கேக்குகளைக் குறைந்தது ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைப்பது கட்டாயம். ரொட்டித் தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கொழுப்பு இறுகும். இதைத் தவிர்த்துவிட்டு வேறு எந்த வித்தை செய்தாலும் உடையும்.

முட்டை ஆகாதவர்களுக்கும், பிடிமானம் இன்னும் வேண்டுமென்பவர்களுக்கும் ஒரு வழி: 80 கிராம் பச்சை இறாலை விழுதாக அரைத்துச் சேருங்கள். வேகும்போது அது இறுகி நண்டைப் பிடித்துக்கொள்ளும். ரொட்டித் தூளைப் பாதியாகக் குறைத்தும்விடலாம். சுவையிலும் உறுத்தாது.

தோசைக்கல்லில் வறுக்கலாமா? எந்த எண்ணெய்?

பழகிய இரும்புக் கல் அருமையாகச் சிவக்க வைக்கும். எண்ணெய் 2, 3 மில்லிமீட்டர் நிற்க வேண்டும் என்பதால் விளிம்புள்ள மீன் வறுக்கும் தவா இன்னும் நல்லது. வாணலி வேண்டாம், அடி வளைவு.

வாசனை நீக்கிய கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ ஊற்றி, காய்ந்ததும் ஒரு துண்டு வெண்ணெய் சேருங்கள். வெண்ணெயை மட்டும் போட்டால் அதிலுள்ள பால்திடம் கருகும். நல்லெண்ணெயின் மணம் நண்டை மூடிவிடும். மேலே ரவை புரட்ட வேண்டாம், வஞ்சிரத்துக்குப் பொருந்தும் மொறுமொறுப்பு இங்கே கரகரப்பாகிவிடும். ரொட்டித் தூளை லேசாகத் தூவினால் போதும்.

மிதமான தீயில், இடம் விட்டு, ஒரு தடவைக்கு நாலு. நாலு நிமிடம் தொடவே கூடாது. ஓரத்தில் பொன்னிறம் மேலேறி, தவாவை அசைத்தால் கேக் தானாக நகர வேண்டும். இரண்டு தோசைத் திருப்பிகளை இருபுறமும் கொடுத்துத் திருப்புங்கள். மறுபக்கம் மூன்று நான்கு நிமிடம்.

ஏர் ஃப்ரையரில்?

எண்ணெய் தடவி 190 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம். உள்ளே நன்றாக இருக்கும், மேல்தோல் தவாவில் வருவது போல் வராது. விருந்துக்குத் தவாவே மேல்.

விருந்தாளிகள் வந்த பிறகும் அடுப்படியிலேயே நிற்க வேண்டுமா?

காலையில் நண்டு வாங்கி, மதியத்துக்குள் சதை எடுத்து, நாலு மணிக்குத் தட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் இரவு மிச்சமிருப்பது இருபது நிமிட வேலை. குளித்து, உடை மாற்றி, கூடத்தில் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். எல்லோரும் மேசைக்கு வரும்போது தவாவைப் போடுங்கள். முதல் நாலைக் கம்பி வலைத்தட்டில் வைத்து 100 டிகிரி அவனில் சூடாக வைக்கலாம். ஹாட் பாக்ஸில் போடவே போடாதீர்கள், ஆவியில் ஐந்தே நிமிடத்தில் தொளதொளத்துவிடும்.

கூட என்ன பரிமாறலாம்?

சாஸுக்கு: கெட்டித் தயிர் 4 டேபிள்ஸ்பூன், மயோனைஸ் 2, மஸ்டர்ட் 1 டீஸ்பூன், அரிசி அளவுக்குப் பொடியாக நறுக்கிய மாங்காய், கொத்துமல்லி. சீசனில் கிளிமூக்கு மாங்காய் கிடைத்தால் அதன் புளிப்பு நண்டின் இனிப்பை அழகாக எடுத்துக்காட்டும். மாங்காய் இல்லாத மாதத்தில் எலுமிச்சைச் சாறு. எடுத்து வைத்த நண்டு மஞ்சளில் ஒரு ஸ்பூனை இதில் கரைத்தால் சாஸின் குணமே மாறும்.

தட்டில் சாஸைக் கீழே பரப்பி, மேலே கேக்கை வையுங்கள். மேலே ஊற்றினால் மொறுமொறுப்பு போச்சு. பக்கத்தில் உப்பும் எலுமிச்சையும் போட்ட வெள்ளரிக்காய்ச் சீவல் ஒரு பிடி. முதன்மை உணவென்றால் வெண்ணெயில் புரட்டிய பீன்ஸும் மசித்த உருளைக்கிழங்கும். பிரியாணியோடு வைக்காதீர்கள், அங்கே இதன் குரல் கேட்காது. குடிக்க, இனிப்புக் குறைத்த எலுமிச்சை சோடா.

இவ்வளவு ஓடு மிச்சமாகிறதே?

தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஓடுகளையும் கால்களையும் தட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டினால் அருமையான நண்டுச் சாறு. அதில் புளி, தக்காளி, தட்டிய மிளகு சீரகம் பூண்டு சேர்த்து ரசம் வைத்து, சின்னக் கண்ணாடி டம்ளர்களில் சுடச்சுட முதலில் கொடுங்கள். மசாலா ருசி வேண்டுமென்று ஏங்குகிறவர்களுக்கும் அதில் நிறைவு கிடைக்கும், கேக்கை நீங்கள் மென்மையாகவே விட்டுவிடலாம்.

அழைக்கும்போதே கேட்க வேண்டியது ஏதாவது உண்டா?

ஓட்டு மீன் ஒவ்வாமை. இதை அவசியம் கேளுங்கள். நண்டு, இறால் இரண்டிலும் உள்ள ஒவ்வாமை தரும் புரதம் சமைத்தாலும் அழியாது, சிலருக்கு மூச்சே திணறும். அப்படி ஒருவர் வருகிறார் என்றால் நண்டைத் தவிர்த்து வேறு சமையுங்கள். அதே தவா, அதே எண்ணெய் பட்டாலே ஆபத்து. முஸ்லிம் நண்பர்களில் ஹனஃபி வழியைப் பின்பற்றுகிறவர்கள் பலர் நண்டு சாப்பிடுவதில்லை. சைவக்காரர் இருந்தால் வேகவைத்து உதிர்த்த பிஞ்சுப் பலாக்காயில் முட்டை சேர்க்காமல், அவித்த உருளையைப் பிடிமானமாக வைத்து, தனித் தவாவில் முதலிலேயே செய்துவிடுங்கள்.

மீந்துபோனால்?

தட்டி வைத்து வறுக்காத கேக்கை மூடி ஃப்ரிட்ஜில் மறுநாள் வரை வைக்கலாம். ஃப்ரீசரில் தட்டில் பரப்பி உறையவைத்துப் பிறகு பையில் போட்டால் ஒரு மாதம். வறுப்பதற்கு முன் ஃப்ரிட்ஜிலேயே மெதுவாக உருக விடுங்கள். வறுத்தது மீந்தால் மறுநாள் காலை தவாவில் மிதமான தீயில் சூடாக்கி, வெண்ணெய் தடவிய பன்னுக்குள் வெங்காயத்தோடு வைத்துக் கொடுங்கள். மைக்ரோவேவில் சூடாக்கினால் சதை ரப்பராகும்.